தண்ணீரும் தீட்டும்

காளவாசல் என்றால் சூளை. சூளை போய், 2020இல் திறந்த மேம்பாலம் நிற்கிறது. பக்கத்திலேயே அரசரடியில் மாநகராட்சியின் பழைய நீரேற்று நிலையம். அதன் நிழலிலேயே வீட்டுக்கு வீடு சுத்திகரிப்பு மெஷின் மாட்டியிருக்கிறார்கள். இதற்குத் தண்ணீரின் தரம் மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை.

தரம் பற்றிய புகார் பொய்யல்ல. விட்டுவிட்டு வரும் குழாயில் அழுத்தம் இறங்கும்போது விரிசல் வழியே சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. போர்த் தண்ணியோ உப்பு. ஆனால் கலங்கல் நமக்குப் புதுசில்லை. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசித் தெளியவைத்தவர்கள் நாம். கலித்தொகைக்கே அந்த விதை தெரியும். அது வண்டலை இறக்கியதே தவிரக் கிருமியைக் கொல்லவில்லை. யாரையும் பயமுறுத்தவுமில்லை.

பயம் வாசற்படி ஏறியது 1980களில். 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் வீடுவீடாக ஆள் அனுப்பி விற்றது. பின்னால் ஆர்.ஓ. வந்தது. வேறொரு கம்பெனிக்காரர் காளவாசல் வீடொன்றில் செய்துகாட்டியதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு டம்ளர்: ஒன்றில் குழாய்த் தண்ணி, ஒன்றில் மெஷின் தண்ணி. கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுத்ததும் குழாய்த் தண்ணி பழுப்பாகி நுரைத்தது. "இதத்தான்க்கா புள்ளைகளுக்குக் குடுக்குறீங்க." அன்றைக்கே முன்பணம் கைமாறியது.

பழுப்பு வந்தது இரும்புக் கம்பியிலிருந்து. கரைந்திருக்கும் உப்பு மின்சாரத்தைக் கடத்த, இரும்பு அரிக்கிறது. உப்பு நீக்கிய நீரில் கரண்ட் சரியாகப் பாயாது, நிறமும் வராது. கிருமிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. (பள்ளிக்கூட விஞ்ஞானம்தான்; நடுக்கூடத்தில் அது மந்திரமாகிவிடுகிறது.) விளக்கிச் சொன்னேன். "இருக்கட்டும் தம்பி, எத்தன பேரு கை பட்ட தண்ணியோ" என்றார் அந்த அக்கா.

இந்தக் 'கை'க்கு ஒரு வரலாறு உண்டு. 1927இல் மகாட்டில் அம்பேத்கரும் தலித்துகளும் சவுதார் குளத்து நீரைக் குடித்தபின், சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றி அதைச் 'சுத்திகரித்தார்கள்'. கிருமி பற்றிய சொல்லாடல் அந்தத் தீட்டை இன்னும் துடைத்தெறியவில்லை. 2020 கொரோனாக் காலத்தில், ஆர்.ஓ. மெஷினால் பேர்பெற்ற கென்ட், மாவு பிசையும் கருவிக்கு விளம்பரம் போட்டது: வேலைக்காரப் பெண்ணின் கையில் தொற்று இருக்கலாமாம். எதிர்ப்பு கிளம்பிய பிறகே மன்னிப்புக் கேட்டது.

மெஷின் வாங்கிய வீடு காலிக்குட மறியலுக்கு வருவதில்லை. ஒரு குடம் வடிகட்ட இரண்டு மூன்று குடத்தைக் கழித்துவிடுகிறது மெஷின். அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்கிற பெண், குடிக்கிற தண்ணியைத் தன் தெருக் குழாயில் வரிசையில் நின்றே பிடிக்கிறார்.