‘வேண்டாம்’ எனும் திறன்: தாராவியும் போதைத் தடுப்பும்

1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் குடியை ஒழிக்கவில்லை. தாராவியின் குடிசைகளில் கள்ளச்சாராயத் தொழிலை வளர்த்தது. மாட்டுங்கா, தாராவிப் பகுதிகளில் வரதராஜன் முதலியார் பெற்ற செல்வாக்கிற்கும் அத்தொழிலே அடித்தளம். 1980களில் பிரவுன் சுகர் பரவியபோதும் அரசு சட்டத்தையே நாடியது: 1985இன் போதைப்பொருள் சட்டம் கடத்தலுக்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை விதித்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் நியூயார்க்கில் உளவியலாளர் கில்பர்ட் போட்வின் வேறொரு வினாவைத் தொடுத்தார். புகையின் தீங்கை அறிந்த மாணவனும் நண்பன் நீட்டும் சிகரெட்டை வாங்கிக்கொள்வது ஏன்? அவர் அறிவுரையோடு நிற்கவில்லை. மறுத்துப் பேசுதல், முடிவெடுத்தல், பதற்றத்தைக் கையாளுதல் ஆகியவற்றை வகுப்பறையில் நடித்துப் பழகச் செய்தார். 1990களில் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய பயிற்சிகளை ‘வாழ்க்கைத் திறன்’ கல்வியாக வகுத்துப் பல நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

எனினும், மறுப்பு ஒரு மொழிச்செயலும் ஆகும்; பாடத்திட்டங்கள் இதனைப் போதிய அளவு கருதுவதில்லை. ஒத்த வயது நண்பனிடம் ‘வேண்டாம்’ என்பது எளிது. வேலை வாங்கித் தந்த தெரு அண்ணனிடம் அச்சொல் அவமதிப்பாகிவிடும். தாராவித் தமிழ்ச் சிறுவன் வீட்டில் தமிழும் தெருவில் பம்பாய் இந்தியும் பேசுகிறான். பள்ளியிலோ மராத்தியோ ஆங்கிலமோ பயில்கிறான். பயிற்சிக்கான உரையாடல்கள் அத்தெருமொழியில், அந்த அண்ணனையும் ஒரு பாத்திரமாகக் கொண்டு எழுதப்பட வேண்டும்.