பீட்டா தடுப்பி மருந்தும் சென்னை நீதியரசரின் அறிக்கையும்

வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என நான்கு கூறாக வகுத்தார். இந்நான்கும் அமைந்தும் நோய் தீராமற் போவதற்கு இக்காலத்தில் வேறொரு காரணமும் உண்டு. மருந்து கடையில் இருக்கும். அதனை வாங்கும் பொருள் நோயாளியிடம் இராது. மருந்தின் விலை, அதனை யார் யார் செய்யலாம் என்று வரையறுக்கும் சட்டத்தைப் பெரிதும் சார்ந்தது. மயிலை மாட வீதிகளிலும் தியாகராய நகர் உஸ்மான் சாலையிலும் அடையாற்றுக் காந்தி நகரிலும் முதியோர் மாதந்தோறும் வாங்கிச் செல்லும் 'பீட்டா தடுப்பி' மாத்திரைகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றின் முற்பகுதி இங்கிலாந்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் நிகழ்ந்தது. பிற்பகுதியில் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. அதனை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.

அச்சமும் இதயமும்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்களையும் கூறினார். அச்சம் தோன்றியவுடன் நெஞ்சு படபடப்பதை எல்லோரும் அறிவர். சிறுநீரகங்களின் மேல் அமைந்த சுரப்பிகள் அட்ரினலினையும், நரம்பு முனைகள் நாரட்ரினலினையும் வெளிவிடுவதே அப்படபடப்பின் காரணம். இவை இதயத் தசையிலுள்ள ஏற்பிகளைப் பற்றியவுடன் துடிப்பு விரைகிறது. சுருங்கும் விசை மிகுகிறது. இதயத்தின் உயிர்வளித் தேவையும் பெருகுகிறது.

அட்ரினலின் ஓரிடத்தில் தூண்டுவதும் வேறோரிடத்தில் தளர்த்துவதும் ஏன் என்னும் வினாவுக்கு 1948ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ரேமண்டு ஆல்குவிஸ்ட் விடை கண்டார். ஏற்பிகள் ஆல்பா, பீட்டா என இருவகைப்படும் என்பது அவர் கொள்கை. அறிஞருலகம் அதனை உடனே ஏற்கவில்லை.

அக்கொள்கையைப் பற்றிக்கொண்டவர் ஸ்காட்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் பிளாக். மார்பு நெரிப்பு நோய்க்கு, இதயத்திற்குச் செல்லும் குருதியைப் பெருக்கவே அந்நாளைய மருத்துவர் முயன்றனர். வரவைப் பெருக்க இயலாவிடில் செலவைச் சுருக்கலாம் என்பது பிளாக்கின் எண்ணம். பீட்டா ஏற்பியில் முன்னரே சென்று அமர்ந்துகொள்ளும் ஒரு பொருள் கிடைத்தால், அட்ரினலினுக்கு அங்கே இடமிராது; இதயம் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 1958இல் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் சேர்ந்த அவர் இவ்வழியில் உழைத்தார். முதலில் உருவான புரோநெதலால் எலிகளிடத்துக் கட்டிகளைத் தோற்றுவித்ததால் கைவிடப்பட்டது. அடுத்து வந்த புரோப்ரனலால், 1960களின் நடுவில் 'இன்டெரால்' என்னும் பெயருடன் வெளிவந்தது. 1988இல் பிளாக் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

பயனும் எல்லையும்

மார்பு நெரிப்பு, சீரற்ற இதயத் துடிப்பு, உயர் இரத்த அழுத்தம், மாரடைப்புக்குப் பிந்திய பாதுகாப்பு ஆகியவற்றில் இம்மருந்தினம் பயன்பட்டது. ஒற்றைத் தலைவலி வாராது தடுக்கவும், கைநடுக்கத்தைக் குறைக்கவும், தைராய்டு மிகைச் சுரப்பின் படபடப்பைத் தணிக்கவும் புரோப்ரனலால் உதவுகிறது. மூச்சுக் குழல்களிலும் பீட்டா ஏற்பிகள் உள்ளமையால் ஆஸ்துமா நோயாளிக்கு அது தீங்காகலாம். ஆதலால் இதயத்தின்மீது மிகுதியும் செயற்படும் அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்றவை பின்னர் வந்தன. இவற்றை உட்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துதல் கூடாது; அடங்கியிருந்த இதயம் மிகை வேகம் கொண்டு, மாரடைப்பும் நேரக்கூடும்.

காலம் இம்மருந்தின் இடத்தை மாற்றியும் வைத்தது. தளர்ந்த இதயத்திற்கு ஆகாதென ஒதுக்கப்பட்ட இம்மருந்தினத்துள் சில, உரிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தினால் அந்நோயாளிகளின் ஆயுளை நீட்டுகின்றன என்பதை 1999இல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் மெய்ப்பித்தன. மாறாக, வேறு இதய நோயற்ற இரத்த அழுத்தத்திற்கு இவற்றை முதல் தெரிவாகக் கொள்ளும் வழக்கம் 2006க்குப் பின் பல நாடுகளில் குறைந்தது.

நாள்தோறும், பல்லாண்டுகள் உட்கொள்ள வேண்டிய மருந்து இது. காய்ச்சல் மருந்துபோல் ஒரு வாரச் செலவோடு முடிவதன்று. ஆகவே இதன் விலை ஒரு குடும்பத்தின் நிலையான சுமையாகிறது.

1959ஆம் ஆண்டு அறிக்கை

விடுதலைக்குப் பின்னும் இந்தியாவில் 1911ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமே நடைமுறையில் இருந்தது. ஒரு மருந்துக்குக் காப்புரிமை பெற்ற அயல்நாட்டு நிறுவனம் 16 ஆண்டுகள் வரை பிறர் அதனைச் செய்யாதவாறு தடுக்கலாம். தானும் இங்கே செய்யாதிருக்கலாம். இந்தியாவில் மருந்து விலை உலகின் மிக உயர்ந்த விலைகளுள் ஒன்று என்று அமெரிக்க மேலவையின் கெஃபாவர் குழுவே சுட்டியது.

இச்சட்டத்தைத் திருத்துவது குறித்து ஆராயும் பொறுப்பை 1957இல் நடுவணரசு நீதியரசர் என். இராஜகோபால ஐயங்காரிடம் ஒப்படைத்தது. 1953 முதல் சென்னை உயர் நீதிமன்ற நீதியரசராக விளங்கிய அவர், 1960இல் உச்ச நீதிமன்றம் சென்றார். 1959 செப்டம்பரில் அவர் அளித்த அறிக்கை, காப்புரிமைகளுள் பெரும்பாலானவை அயல்நாட்டாருக்கு உரியன என்பதையும், அவற்றுள் மிகப் பல இந்நாட்டில் செயற்படுத்தப்படவே இல்லை என்பதையும் எடுத்துக்காட்டியது.

அவர் காப்புரிமை முறையையே ஒழிக்கக் கூறினாரில்லை. புதியது காண்போர்க்கு ஊக்கம் வேண்டும் என்பதை அவர் ஏற்றார். ஆனால் உணவும் மருந்தும் தனித்தன்மை உடையன; அவற்றில் செய்முறைக்கு மட்டுமே உரிமை தரலாம், செய்பொருளுக்குத் தரலாகாது எனப் பரிந்துரைத்தார். ஒரே மருந்தை வேறு செய்முறையால் பிறரும் ஆக்க இது வழி திறந்தது. நாடாளுமன்றத்தில் முந்தைய முயற்சிகள் நிறைவேறாதொழிந்தபின், அறிக்கையைப் பெரிதும் தழுவிய சட்டம் 1970இல் நிறைவேறி, 1972 ஏப்ரல் 20ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மருந்துச் செய்முறைக்குரிய காப்புரிமைக் காலமும் ஏழாண்டுகளுக்கு மேற்படாதவாறு குறுகியது.

அச்சட்டம் உருவான காலத்தோடு பிணைந்த மருந்து புரோப்ரனலாலே. சிப்லா நிறுவனம் அதனை இந்தியாவில் ஆக்கியபோது ஐ.சி.ஐ. தலைமையமைச்சர் இந்திரா காந்தியிடம் முறையிட்டதாகவும், உயிர் காக்கும் மருந்தைக் கோடிக்கணக்கான இந்தியருக்கு மறுப்பது முறையா என்று தாம் கேட்டதாகவும் சிப்லாவின் யூசுப் ஹமீது பின்னாளில் கூறியுள்ளார். அதன்பின் பல இந்திய நிறுவனங்கள் இம்மருந்துகளை ஆக்கின. போட்டியால் விலை தாழ்ந்தது.

ஐயங்கார் அறிக்கைக்கு ஓராண்டு முன்னர், 1958இல், டாக்டர் கே. எஸ். சஞ்சீவி அடையாற்றுப் பகுதியில் தன்னார்வ நலப்பணி நிறுவனமாகிய வி.எச்.எஸ்.ஸை நிறுவினார். வருமானத்திற்கேற்பக் குடும்பங்கள் சந்தா செலுத்தி மருத்துவம் பெறும் திட்டத்தை அது வகுத்தது. நீதியரசர் மருந்தின் விலையைக் கருதினார்; மருத்துவர் சிகிச்சையின் விலையைக் கருதினார். இருவர்தம் கவலையும் ஒன்றே.

தொடரும் வழக்கு

உலக வணிக உடன்பாட்டின்படி 2005 சனவரி முதல் மருந்துப் பொருளுக்கே 20 ஆண்டுக் காப்புரிமை தரும் நிலை மீண்டது. எனினும் பழைய மருந்தைச் சிறிதே மாற்றிப் புதிய உரிமை கோருவதைத் தடுக்கும் பிரிவொன்று சட்டத்தில் இடம்பெற்றது. புற்றுநோய் மருந்தாகிய கிளிவெக் தொடர்பாக அப்பிரிவு எதிர்க்கப்பட்டபோது, சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் அவ்வெதிர்ப்பைத் தள்ளியது. தீர்ப்பளித்த இருவருள் ஒருவர் நீதியரசர் பிரபா ஸ்ரீதேவன், ஆர். சூடாமணியின் சிறுகதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவராக இலக்கிய அன்பர்கள் அவரை அறிவர். பின்னர்ச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவராக, 2013 மார்ச்சில், மற்றொரு புற்றுநோய் மருந்துக்கு அளிக்கப்பட்ட கட்டாய உரிமத்தை அவர் உறுதிசெய்தார். மாதம் ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாயாக இருந்த அம்மருந்தை 9,000 ரூபாய்க்கும் குறைவாக விற்க வழிசெய்த உரிமம் அது.

புரோப்ரனலாலின் காப்புரிமைக் காலம் கழிந்து நெடுங்காலமாயிற்று. இன்று அதனை யாரும் செய்யலாம். ஆயினும் இனி வரும் மருந்துகளுக்கு அந்நாளைய வினா அப்படியே நிற்கின்றது: கண்டவர்க்கு உரிய ஊதியம் எவ்வளவு, நோயுற்றவர்க்கு உரிய வாய்ப்பு எவ்வளவு? இவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்துப் பார்த்த ஓர் அறிக்கை 1959இல் இந்நகரத்து நீதியரசர் ஒருவரால் எழுதப்பட்டது. பிளாக்கின் பெயரைக் கற்கும் மருத்துவ மாணவர்கள் இராஜகோபால ஐயங்காரின் பெயரையும் உடன் கற்பார்களாயின், மருந்தின் வரலாறு அவர்களுக்கு முழுமையாக விளங்கும்.