ரயில் பாதையும் ஆலை மோட்டாரும்

தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வழியே விழுப்புரம் சென்ற மீட்டர்கேஜ் பாதை 1960களில் மின்மயமாயிற்று. ஜப்பானில் செய்த எஞ்சின்கள் 25,000 வோல்ட்டில் ஓடின. ரயிலுக்கு வேண்டுவது ஒருமுனை மின்சாரம். நெல் ஆலை மோட்டாருக்கோ மும்முனை. மூன்று கம்பிகளில் இரண்டிலிருந்தே மிகுதியாக இழுத்தால் சமன் குலையும். மூவர் சுமக்கும் உத்தரத்தில் ஒருவர் தோள் தாழ்வது போல என்று வகுப்பில் சொல்வேன். மின்னழுத்தம் நூற்றுக்கு இரண்டு பங்கு கோணினாலே, மோட்டாரின் மின்னோட்டம் அதனினும் ஆறு மடங்கு கோணக்கூடும். சுருள் சூடேறிக் கருகும். நெல் மூட்டை ஆலை வாசலிலேயே கிடக்கும். ஆகவே அடுத்தடுத்த ரயில்வே துணை மின்நிலையங்களை வெவ்வேறு இணைக் கம்பிகளில் முறைவைத்து இணைப்பது பொறியாளர் வழக்கம். ஆலைக்காரரோ, ஒருமுனை அறுந்தால் மோட்டாரைத் தானே நிறுத்தும் ரிலேயைப் பொருத்துவர். காயில் மறுபடி கட்டும் கூலியை எண்ணினால் அச்செலவு சிறிதே.