உப்பிட்டவர் யார்? - பசுமைத் தளங்கள் காசு பார்த்த கதை

பிளாஸ்டிக்கைக் குறையுங்கள், தேவையில்லாததை வாங்காதீர்கள், பழையதைப் பழுதுபார்த்துப் பயன்படுத்துங்கள்... பசுமை வாழ்க்கை பற்றி எழுதும் எந்தத் தளத்துக்குப் போனாலும் இந்த அறிவுரைகள் இருக்கும். நல்ல அறிவுரைகள்தான். ஆனால் அந்தத் தளத்தை நடத்துபவரும் சர்வர் வாடகை கட்ட வேண்டும், சாப்பிட வேண்டும். இணையத்தில் பெரும்பாலான வருமானம் யாராவது எதையாவது வாங்கும்போதுதான் வருகிறது. அதாவது "வாங்காதே" என்று எழுதிவிட்டு, வாசகர் வாங்குவதால் வரும் காசில் பிழைக்க வேண்டும். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை!

இதில் நேர்மையாகச் சம்பாதிக்க வழி உண்டா? வரலாற்றைப் பார்த்தால் உண்டு என்றுதான் தெரிகிறது. சிலர் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

இணையத்துக்கு முன்னால்

இந்தச் சிக்கல் இணையத்தோடு பிறந்தது அல்ல. அமெரிக்காவில் 1936-ல் கன்ஸ்யூமர்ஸ் யூனியன் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. கடையில் விற்கும் பொருட்களைச் சோதித்து, எது நல்லது எது மோசம் என்று பத்திரிகையில் எழுதுவதுதான் அதன் வேலை. இன்று அந்தப் பத்திரிகையின் பெயர் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ். அவர்கள் இரண்டு விதிகள் வைத்துக்கொண்டார்கள். ஒன்று, பத்திரிகையில் விளம்பரம் கிடையாது. இரண்டு, சோதிக்கும் பொருளை நிறுவனத்திடம் இலவசமாக வாங்கக் கூடாது, சாதாரண வாடிக்கையாளர் போலக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். செலவுக்குக் கை கொடுத்தது சந்தா.

பசுமை உலகுக்கு நெருக்கமான முன்னோடி என்றால் ஸ்டுவர்ட் பிராண்ட் 1968-ல் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கிலிருந்து வெளியிட்ட ஹோல் எர்த் கேட்டலாக். தோட்டக் கருவி, தையல் புத்தகம், அடுப்பு, கூடாரம் என்று தன் கையால் வாழ விரும்புகிறவர்களுக்குத் தேவையான பொருட்களின் பட்டியல் அது. எதை எங்கே, என்ன விலைக்கு வாங்கலாம் என்று சொல்லும். ஆனால் பட்டியலில் இடம்பிடிக்க எந்த நிறுவனமும் பணம் கட்ட முடியாது. மதிப்பீட்டில் எங்கள் கடமை வாசகருக்கு மட்டுமே என்று அதிலேயே அறிவித்திருந்தார்கள். வருமானம், புத்தகத்தை விலை கொடுத்து வாங்கும் வாசகரிடமிருந்து வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று. தங்கள் வரவு செலவுக் கணக்கையும் அந்தக் கேட்டலாக்கிலேயே அச்சிட்டார்கள்! காகிதத்துக்கு இவ்வளவு, சம்பளத்துக்கு இவ்வளவு என்று வாசகரே பார்த்துக்கொள்ளலாம். 1971-ல் வந்த பதிப்பு பத்து லட்சத்துக்கும் மேல் விற்று, 1972-ல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதையும் பெற்றது. ஆக, கணக்கைத் திறந்து காட்டியதால் யாரும் கெட்டுப்போகவில்லை.

இணையம் வந்த பிறகு

1994 அக்டோபர் 27-ல் ஹாட்வயர்டு தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பேனர் விளம்பரம் வந்தது. வலைத்தள விளம்பர வரலாறு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கப்படும். 1996-ல் அமேசான் தன் அசோசியேட்ஸ் திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் தளத்திலிருந்து சுட்டியைத் தட்டிப் போய் ஒருவர் பொருள் வாங்கினால் உங்களுக்குக் கமிஷன். 2003-ல் கூகுள் ஆட்சென்ஸ் வந்தது. கட்டுரையில் உள்ள சொற்களைப் பார்த்து அதுவே விளம்பரத்தைத் தேர்ந்தெடுத்துப் போடும். சின்னத் தளக்காரர் யாரையும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

வசதிதான். ஆனால் பசுமைத் தளத்துக்கு இதில் இரண்டு ஆபத்துகள்.

முதலாவது, எந்த விளம்பரம் வரும் என்பது தளக்காரர் கையில் முழுமையாக இல்லை. கார் புகையைக் கண்டித்து எழுதிய கட்டுரைக்குப் பக்கத்திலேயே கார் விளம்பரம் வந்து நிற்கலாம்.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் ரூபாய் சூரிய விளக்கைப் பரிந்துரைத்து, ஐந்து சதவீதம் கமிஷன் என்றால் ஒரு விற்பனைக்கு 50 ரூபாய். "குக்கரில் ஆவி கசிகிறதா? புது குக்கர் வேண்டாம், கேஸ்கெட்டை மட்டும் மாற்றுங்கள்" என்று எழுதினால் அதே தளத்துக்குக் கிடைப்பது பூஜ்யம். பூமிக்கு எது நல்லது என்று பார்த்தால் இரண்டாவது கட்டுரைதான். யாரும் யாரையும் மிரட்டவில்லை, லஞ்சம் கொடுக்கவில்லை. ஆனாலும் கொஞ்ச நாளில் தளம் முழுக்க "வாங்க வேண்டிய பத்துப் பசுமைப் பொருட்கள்" என்று நிறைந்துவிடும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது வீட்டுக்கு நல்ல பழமொழி. பத்திரிகைக்கு அதுவே கண்ணி.

மூன்று தளங்கள், மூன்று பாதைகள்

சியாட்டிலில் 1999-ல் தொடங்கிய கிரிஸ்ட், லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவுசெய்துகொண்டு, வாசகர் நன்கொடையையும் அறக்கட்டளை நிதியையும் பெரிதும் நம்பியது. இதிலும் உப்பிட்டவர் உண்டு, நன்கொடையாளர்தான். அதனால் யார் கொடுத்தார்கள் என்று வெளியே சொல்வது இங்கே முக்கியம்.

2004-ல் கிரகாம் ஹில் தொடங்கிய ட்ரீஹக்கர் விளம்பரப் பாதையில் போனது. வேகமாக வளர்ந்தது. 2007-ல் டிஸ்கவரி நிறுவனம் அதை வாங்கியது, சுமார் ஒரு கோடி டாலர் என்று அப்போது செய்தி வந்தது. பிறகு கைமாறி, 2020-ல் டாட்டாஷ் நிறுவனத்துக்குப் போனது. விளம்பரம் எடுத்தாலே அயோக்கியத்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. லட்சக்கணக்கானவர்களிடம் பசுமைப் பேச்சைக் கொண்டுபோனது இந்தப் பாதைதான். ஆனால் அந்தப் பாதையில் தளம் சுதந்திரமாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மூன்றாவது, கிரிஸ் டி டெக்கர் 2007-ல் தொடங்கிய லோ-டெக் மேகசின். 2018-ல் அவர் பார்சிலோனாவில் தன் வீட்டு பால்கனியில் சூரியத் தகட்டை வைத்து, அதில் ஓடும் சர்வரில் தளத்தை ஏற்றினார். வெயில் இல்லாத நாட்கள் தொடர்ந்தால் தளமே அணைந்துவிடும்! மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பக்கங்களை மிக லேசாக்கியதால், கனமான விளம்பர நிரல்களுக்கு அங்கே இடமில்லை. பதிலாகக் கட்டுரைகளைப் புத்தகமாக அச்சிட்டு விற்கிறார், வாசகரிடம் நன்கொடை பெறுகிறார். எழுதுவதும் வாழ்வதும் சம்பாதிப்பதும் ஒரே திசையில் இருக்கும் அபூர்வமான உதாரணம் இது.

சட்டம் உள்ளே வந்தது

ஆசிரியர்களின் மனசாட்சி மட்டும் போதவில்லை. 2007-ல் டெராசாய்ஸ் என்ற கனடா நிறுவனம், பசுமை என்று சொல்லி விற்கப்பட்ட 1018 பொருட்களை ஆராய்ந்தது. ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பொய்யோ, மழுப்பலோ, ஆதாரமில்லாத பேச்சோ இருந்தது. இப்படிப்பட்ட பொருளை இலவசமாக வாங்கிக்கொண்டு, "அருமை" என்று ஒருவர் எழுதினால் என்ன ஆகும்? அதனால்தான் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2009-ல் தன் வழிகாட்டு விதிகளைத் திருத்தி, பணமோ இலவசப் பொருளோ பெற்று எழுதும் வலைப்பதிவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. நம் நாட்டிலும் 2024 அக்டோபரில், போலிப் பசுமை விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

முடிவாக...

சந்தா, புத்தக விற்பனை, நன்கொடை, விளம்பரம், கமிஷன் என்று வழிகள் பல. எதுவும் தன்னளவில் பாவம் இல்லை. ஆனால் வாசகரே உப்பிடும்போது வாசகருக்கு உண்மையாக இருப்பது சுலபம். வேறு யாராவது உப்பிட்டால், யார், எவ்வளவு என்று 1968-ன் கேட்டலாக்காரர்கள் போலச் சொல்லிவிட வேண்டும்.

இனி ஒரு பசுமைத் தளத்தைப் படிக்கும்போது அதன் கடைசி நூறு கட்டுரைகளைப் புரட்டிப் பாருங்கள். "இதை வாங்காதீர்கள், இருப்பதே போதும்" என்று சொல்லும் கட்டுரைகள் எத்தனை என்று எண்ணுங்கள். ஒன்றுகூட இல்லை என்றால், அங்கே உப்பிட்டவர் நீங்கள் இல்லை.