தீவும் கடிதமும்: பாக் விரிகுடாவில் மீன்பிடி உரிமை தேய்ந்த வரலாறு

வடசென்னையின் புளியந்தோப்பிலிருந்து வடகிழக்கே போனால் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். வடமேற்கே போனால் புழல் சிறை. இந்தியக் கடற்பரப்பில் பிடிபட்ட இலங்கை மீனவர்கள் அந்தச் சிறையில் இருந்திருக்கிறார்கள். கச்சத்தீவுச் சிக்கலை ராமேசுவரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டுமான விவகாரமாகப் பேசியே பழகிவிட்டோம். 1970களில் இரு அரசுகள் கடலில் இழுத்த கோட்டின் விளைவு வடசென்னையிலும் தெரிகிறது. அந்தக் கோடு உருவான வழியைப் பின்தொடர்ந்தால், பொதுமேடைகளில் சொல்லப்படும் கதைக்கும் ஆவணங்கள் சொல்லும் கதைக்கும் இடைவெளி இருப்பது புலப்படும். 1974-ல் தீவு போனது என்பது மேடைக் கதை. மீனவருக்கு அதைவிடப் பெரிய இழப்பு, 1976 மார்ச் 23 அன்று ஒரு கடிதப் பரிமாற்றத்தில் நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்ட வரலாறு ஒரு சங்குத் திருட்டு வழக்கிலிருந்து தொடங்குகிறது. ராமநாதபுரம் சமஸ்தானத்துக்கு உரிய சங்குப்படுகையில் சிலர் சங்கு எடுத்துவிட்டார்கள். கடலடியில் கிடப்பதை எடுத்தால் அது திருட்டா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தது. அன்னக்குமாரு பிள்ளை வழக்கு என்று அறியப்படும் அதன் தீர்ப்பு 1904-ஆம் ஆண்டு அறிக்கைத் தொகுதியில் இருக்கிறது. பாக் விரிகுடா திறந்த பெருங்கடல் அல்ல, நிலத்தால் சூழப்பட்ட நீர், பிரிட்டிஷ் ஆட்சிப் பரப்பின் பகுதி என்று நீதிமன்றம் கருதியது. 70 ஆண்டுகள் கழித்து ஒப்பந்தத்தில் இடம்பெற்ற ‘வரலாற்று நீர்ப்பரப்பு’ என்ற கருத்துக்கு இத்தீர்ப்பு முக்கியமான ஆதாரம். கரையிலிருந்து இத்தனை மைல் என்ற கணக்கில் அல்லாமல், நெடுங்காலப் பயன்பாட்டின் பேரில் கடலுக்கு உரிமை கொண்டாடுவதே அக்கருத்தின் அடிப்படை. அந்தப் பயன்பாட்டைச் செய்தவர்கள் சங்கு குளித்தவர்களும் வலை போட்டவர்களும்தான்.

1921 அக்டோபரில் சென்னை அரசின் பிரதிநிதிகள் கொழும்பில் இலங்கை அரசுடன் பேச்சு நடத்தினார்கள். பேசப்பட்டது மீன்வளம், தீவு அல்ல. இருதரப்பு மீனவரும் எங்கே தொழில் செய்வது என்பதே கேள்வி. கச்சத்தீவுக்கு மேற்கே 3 மைல் தள்ளி ஒரு கோடு முன்மொழியப்பட்டது. மீன்பிடிப்புக்கான அந்தக் கோட்டால் தீவின் மீதான உரிமை பாதிக்கப்படக் கூடாது என்று இந்தியத் தரப்பு தெளிவாகச் சொல்லி வைத்தது. உடன்பாடு உறுதிசெய்யப்படவில்லை. ஆனாலும் பிற்கால ஆவணங்கள் எதிலும் காணாத ஒரு தெளிவு இதில் இருக்கிறது: மீன்பிடி உரிமை வேறு, நில உரிமை வேறு என்று அன்று அதிகாரிகள் பிரித்துப் பார்த்தார்கள்.

விடுதலைக்குப் பின் இந்த வேறுபாடு மங்கியது. ஜமீன் ஒழிப்பால் ராமநாதபுரம் ஜமீன்தார்களான சேதுபதிகளின் உரிமைகள் சென்னை அரசிடம் வந்தன. 285 ஏக்கர் பரப்பும், குடிநீர் இல்லாத மண்ணும், ஓர் அந்தோணியார் கோவிலும் கொண்ட தீவுக்காக டெல்லியும் கொழும்பும் குறிப்புகள் எழுதிக்கொண்டன. இந்தியாவின் வாதமே வலுவானது என்று 1958-ல் அட்டர்னி ஜெனரல் எம்.சி. செட்டல்வாட் கருத்துச் சொன்னார். 1961-ல் நேரு எழுதிய கோப்புக் குறிப்போ, அந்தச் சிறு தீவுக்குத் தாம் எந்த முக்கியத்துவமும் தரவில்லை என்றது. இதற்கிடையே கடல் எல்லைகள் விரிந்தன. இந்தியா 1967-லும் இலங்கை 1971-லும் ஆட்சிக்கடலை 12 கடல் மைலாக அறிவித்தன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தொலைவே சுமார் 30 கிலோமீட்டர்தான். இரு நாடுகளின் 12 மைல்களைச் சேர்த்தால் 44 கிலோமீட்டர் வருகிறது. கோடு போடாமல் தீராது என்ற நிலை அப்படித்தான் உருவானது.

1974 ஜூன் 26-லும் 28-லும் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எல்லைக்கோடு கச்சத்தீவின் மேற்குப் பக்கமாகச் சென்றது; தீவு இலங்கைப் பக்கம் போனது. நாட்டின் நிலப்பரப்பைப் பிற நாட்டுக்குக் கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் தேவை என்று பெருபாரி விவகாரத்தில் 1960-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இது நிலத்தைக் கொடுத்தல் அல்ல, தீராதிருந்த எல்லையை வரையறுத்தல் என்பது மத்திய அரசின் நிலை. கருணாநிதி அரசு எதிர்த்தது. சட்டமன்றம் தீர்மானம் போட்டது.

அந்த ஒப்பந்தத்தின் 5-ஆம், 6-ஆம் பிரிவுகளை நிதானமாகப் படிக்க வேண்டும். இந்திய மீனவரும் பக்தரும் முன்போலவே தீவுக்கு வந்துபோகலாம், பயண ஆவணம் தேவையில்லை என்கிறது ஒன்று. இரு நாட்டுக் கலங்களும் மற்றவரின் நீரில் மரபாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது மற்றது. மீன்பிடித்தல், வழிபாடு, கடற்பயணம் ஆகிய உரிமைகள் காக்கப்பட்டுள்ளன என்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் அந்த ஜூலையில் நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார்.

இருபது மாதங்கள் கழிந்தன. நெருக்கடி நிலை அமலில் இருந்தது. பத்திரிகைகள் தணிக்கையில் இருந்தன. 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டது. மார்ச் 23-ல் மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதே நாளில் வெளியுறவுச் செயலாளர் கேவல் சிங்கும் இலங்கையின் டபிள்யூ.டி. ஜயசிங்கவும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். ஒரு நாட்டின் மீனவர் மற்ற நாட்டின் வரலாற்று நீர்ப்பரப்பிலும் ஆட்சிக்கடலிலும் தனிப் பொருளாதார மண்டலத்திலும் வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். நாடாளுமன்றத்தில் காக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட உரிமை ஒரு பத்தியில் முடிந்தது. எதிர்த்துப் பேசத் தமிழ்நாட்டில் அப்போது சட்டமன்றம் இல்லை. இதை நான் வெறும் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கே இன்னொரு கடிதமும் கைமாறியது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் மீன்திட்டு இந்தியப் பக்கம் வந்தது. அங்கே மீன்பிடித்துவந்த இலங்கைக் கலங்களுக்கு 3 ஆண்டு அவகாசம் தரப்பட்டது: உரிமம் பெற்ற 6 கலங்களுக்கு மேல் கூடாது; ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது. அதாவது, பழகிய மீன்பிடி நிலத்தை இழப்பவருக்கு எண்ணிக்கையும் அளவும் குறித்து உரிமம் தரும் வழி இரு அரசுகளுக்கும் அன்றே தெரிந்திருந்தது. பாக் விரிகுடா மீனவருக்கு அது மறுக்கப்பட்டது.

உலகில் இதற்கு ஒப்பான வழக்குகள் வேறு முடிவுக்கு வந்திருக்கின்றன. செங்கடல் தீவுகளுக்காக எரித்திரியாவும் ஏமனும் மோதிய வழக்கில், 1998-ல் நடுவர் மன்றம் பெரும்பாலான தீவுகளை ஏமனுக்குக் கொடுத்தது. மரபு மீன்பிடிப்போ இருதரப்புக்கும் தொடர வேண்டும் என்றது. தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில், ஸ்கார்பரோ திட்டு யாருடையது என்று 2016 ஜூலை 12-ன் தீர்ப்பு முடிவுசெய்யவில்லை; யாருடையதாயினும் அங்கே பிலிப்பைன்ஸ் மீனவரின் மரபு உரிமை அழியாது, அதைச் சீனா தடுத்தது தவறு என்றது. சீனா தீர்ப்பை ஏற்கவில்லை என்பது வேறு செய்தி.

இந்தத் தீர்ப்புகளை நம் தரப்புக்குச் சாதகமாக எடுத்துக்காட்டுவோர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே காத்தது சிறுதொழில் மீன்பிடிப்பை. தொழிற்சாலை அளவிலான மீன்பிடிப்பை அல்ல. 1952-ல் தொடங்கிய இந்திய நார்வே திட்டம் கேரளத்தில் இறக்கிய இயந்திர மீன்பிடிப்பும், இறால் ஏற்றுமதியின் லாபமும், அரசு மானியமும் சேர்ந்து பாக் விரிகுடாவை இழுவை மடிகளால் நிரப்பின. போர்க்காலத்தில் வட இலங்கைத் தமிழ் மீனவர் கடலுக்குள் போக முடியாதிருந்த ஆண்டுகளில் நம் விசைப்படகுகள் அவர்கள் பகுதியில் தாராளமாக இழுத்தன. 2009-க்குப் பின் அவர்கள் திரும்பி வந்தபோது, விரித்த வலைகள் விசைப்படகுகளில் சிக்கி அறுந்தன. இலங்கை 2017-ல் இழுவை மடியையே சட்டத்தால் தடைசெய்தது. தாத்தாவின் கட்டுமரமும் வள்ளமும் ஈட்டிய உரிமையை, கடலடியைச் சுரண்டும் மடியோடு போய்க் கேட்டால் எந்த நடுவர் மன்றமும் ஏற்காது. மறுகரையில் அடிபடுபவரும் ஏழைத் தமிழர் என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை.

கோடு இருபுறமும் வெட்டுகிறது. இலங்கையின் பல நாள் படகுகள் சூரை மீனைத் தேடி இந்தியப் பொருளாதார மண்டலத்துக்குள் வருகின்றன. கடலோரக் காவல்படை பிடிக்கிறது. இருநாட்டுச் சிறைகளிலும் இருப்பவர் பெரும்பாலும் படகில் கூலிக்கு அல்லது பங்குக்குப் போனவர்கள். போட்டி இப்போது ஆழ்கடலடிக்கும் போய்விட்டது: தன் கண்டத்திட்டின் நீட்சியாக இலங்கை 2009-ல் ஐ.நா. ஆணையத்தில் கோரிய பரப்பில் அடங்கும் அஃபனாசி நிகிடின் கடலடி மலையில், கோபால்ட் தேட அனுமதி கேட்டு இந்தியா 2024 ஜனவரியில் விண்ணப்பித்தது.

2025 ஏப்ரல் 2-ல் தமிழ்நாடு சட்டமன்றம் கச்சத்தீவை மீட்கக் கோரி மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியது. தீவு திரும்பினாலும் எல்லை சில மைல்தான் நகரும். நம் படகுகள் பிடிபடும் இடங்கள் பல, அதற்கும் அப்பால் யாழ்ப்பாணக் கரையை ஒட்டி இருக்கின்றன. 1976-ன் கடிதம் அனுமதியின்றி மீன்பிடிப்பதைத்தான் தடுக்கிறது. அனுமதி என்ற வாசல் அதிலேயே இருக்கிறது. இழுவை மடி இல்லாத படகுகளுக்கு, எண்ணிக்கையும் பருவமும் வரையறுத்து, இருகரை மீனவர் சங்கங்களும் ஒப்புக்கொண்ட உரிமத்தை வாட்ஜ் திட்டின் முன்மாதிரியில் டெல்லி கேட்க வேண்டும். அதற்கு முன் நம் கரையில் இழுவை மடியை நிறுத்தும் காலக்கெடுவைத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தாக வேண்டும்.