கட்டப்பனைக்காரி கதையும் அந்த ரெண்டு பையன்களும்

இன்னிக்கு எபிசோடு ஒரு ஜீப்பில் ஆரம்பிக்குது.

எங்க அத்தைக்கு தேவாரம். விடிய முன்னாடி தூக்குவாளியில் சோறு கட்டிக்கிட்டு, ஜீப்பில் நெருக்கியடிச்சு உட்கார்ந்து, மலை ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறவங்க. 2019 அக்டோபர்ல அந்த ஜீப்புக்குள்ள ஒரே பேச்சுதானாம்: கூடத்தாயி. கொலை நடந்ததாச் சொன்ன கூடத்தாயி கோழிக்கோடு மாவட்டத்துல, எங்கேயோ வடக்க இருக்கு. ஆனா கைதான ஜோளி பிறந்து வளர்ந்தது கட்டப்பனை பக்கம். கம்பம்மெட்டு ஏறினா நம்ம ஆளுங்க தினமும் போய் வர்ற இடம். அதனால ஜீப்புல அது 'கட்டப்பனைக்காரி கதை' ஆயிடுச்சு.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். 2002-லிருந்து 2016 வரைக்கும், 14 வருஷத்துல, ஒரே குடும்ப வட்டத்துல ஆறு சாவு. மாமியார், மாமனார், கணவர், மாமியாரோட சகோதரர், அப்புறம் உறவுக்காரர் ஒருத்தரோட சின்னக் குழந்தை, அந்தக் குழந்தையோட அம்மா. 2011-ல் கணவர் இறந்தப்போ மட்டும்தான் பிரேதப் பரிசோதனை நடந்தது. உடம்பில் சயனைடு இருந்தது. தற்கொலைன்னு எழுதி முடிச்சிட்டாங்க. பல வருஷம் கழிச்சு கணவரோட கூடப்பிறந்தவங்க சந்தேகப்பட்டுப் புகார் கொடுக்க, 2019 அக்டோபர் 4-ந் தேதி கல்லறைகளைத் தோண்டினாங்க. மறுநாள் ஜோளி கைது. இத்தனைக்கும் கோழிக்கோடு என்.ஐ.டி.யில் விரிவுரையாளர்னு சொல்லிக்கிட்டு வருஷக்கணக்கா காலையில் கிளம்பிப் போய்ட்டு வந்தவர்.

கைதான கொஞ்ச நாளிலேயே வாட்ஸ்அப் முழுக்க மீம். பொண்டாட்டி சூப் கொடுத்தா யோசிச்சுக் குடிங்கங்கற மாதிரி ஜோக்குகள். நானும் ஒண்ணு ரெண்டு ஃபார்வர்ட் பண்ணியிருப்பேன், மறைக்க விரும்பலை. அதே மாசம் சினிமா அறிவிப்பு வந்தது, ஒண்ணு இல்லை, ஒண்ணுக்கு மேல. 2020 ஜனவரியில் ஃப்ளவர்ஸ் டி.வி.யில் சீரியலே ஓட ஆரம்பிச்சிடுச்சு. கைதாகி மூணு மாசம்தான் ஆகுது. கோர்ட்டில் சாட்சி விசாரணைகூட தொடங்கலை. ஆனா வீட்டு ஹாலில், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், யார் குற்றவாளின்னு பின்னணி இசையோட தீர்ப்பு வந்தாச்சு.

மலை மேல லயத்தில் மலையாள சேனல் சகஜம். அத்தைக்கு மலையாளம் நல்லாவே புரியும். கூட வேலை செய்றவங்க எல்லாம் உட்கார்ந்து பார்த்திருக்காங்க. அத்தை மட்டும் பாதியில் எந்திரிச்சு வந்துட்டாங்களாம். ஏன்னு கேட்டேன்.

"ஏண்டா, அந்தப் பயலுக ரெண்டு பேரும் இதைப் பாப்பாய்ங்களாடா?"

ஜோளிக்கு ரெண்டு மகன்கள். செத்துப்போனது அவங்க அப்பா, பாட்டி, தாத்தா. ஜெயிலில் இருக்கிறது அம்மா. அத்தைக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு: அந்த ரெண்டு பேரும் ஏற்கனவே கோர்ட்டுக்குப் போயிருந்தாங்க. சினிமாக்காரங்களுக்கும் டி.வி.க்கும் எதிரா தாமரச்சேரி முன்சீஃப் கோர்ட்டில் மனு. அந்த ஜனவரியிலேயே வேற ஒரு மனுவின் பேரில் கேரள ஹைகோர்ட் சீரியலுக்கு ரெண்டு வாரம் இடைக்காலத் தடையும் போட்டது. விசாரணையைப் பாதிக்கும்ங்கறதுதான் அந்த மனுவோட முக்கிய வாதம்.

இந்தச் சண்டைக்கு நம்ம ஊரில் ஒரு முன்கதை இருக்கு. 1988-ல் சென்னை திருவான்மியூர் ஆட்டோ சங்கர் கொலைகள். தூக்குத் தண்டனைக் கைதியா இருந்தப்போ அவர் எழுதின சுயசரிதையை நக்கீரன் வெளியிடப் போக, சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது இதுதான்: கோர்ட் ஆவணம் மாதிரி பொதுப் பதிவில் இருக்கிறதை யார் அனுமதியும் இல்லாம வெளியிடலாம். அதைத் தாண்டி ஒருத்தரோட அந்தரங்க வாழ்க்கைக்குள்ள போனா, அவர் சம்மதம் வேணும். ஆறு மாசம் கழிச்சு, 1995 ஏப்ரலில், சேலம் சிறையில் சங்கர் தூக்கிலிடப்பட்டார். தீர்ப்பு மட்டும் இன்னிக்கும் உயிரோட இருக்கு. 2007-ல் மக்கள் தொலைக்காட்சி 'சந்தனக்காடு' எடுத்தப்போ, வீரப்பனின் மனைவி முத்துலட்சுமி கோர்ட்டுக்குப் போனார். அந்த வழக்கிலும் இந்தத் தீர்ப்பை வச்சுத்தான் பேசினாங்க. வீரப்பன் ஊரறிஞ்ச ஆள், சரி. அவர் பொண்டாட்டி பிள்ளைங்களும் அப்படியாங்கறதுதான் அங்க கேள்வி.

'இதெல்லாம் டி.வி. வந்து கெடுத்தது'ன்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. நிஜக் கொலையைக் கதையா கேக்கற பழக்கம் நமக்கு ரொம்பப் பழசு. போன நூற்றாண்டில் சந்தையிலயும் ரயிலடியிலயும் 'கொலைச் சிந்து' பாடி விற்பாங்க. மட்டமான தாளில் நாலு பக்கம், எட்டு பக்கம். ஊரில் ஒரு கொலை விழுந்தா சிந்து தயார். ஜனம் காசு கொடுத்து வாங்கி, உச்சுக் கொட்டி, அடுத்த ஊருக்குக் கொண்டு போகும். அன்னிக்கு அதுதான் ஃபார்வர்ட்.

ஆனா தெற்கே நெல்லை, குமரிப் பக்கம் இன்னொரு முறையும் இருந்தது, இப்பவும் இருக்கு. அநியாயமா வெட்டுப்பட்டுச் செத்தவங்க சாமி ஆவாங்க. கொடையில் வில்லுப்பாட்டில் அவங்க கதையைப் பாடுவாங்க. சாவு வர்ற இடத்தில் கேக்கறவங்களுக்கு அருள் வந்து ஆடுவாங்க. அந்தப் பாட்டை வைக்கிறதே அந்தச் சாமியைக் கும்பிடுற குடும்பமும் ஊரும்தான். அவங்க இல்லாம கதையே தொடங்காது. சிந்து விக்கிறவருக்கு அந்த வீட்டு வாசப்படி தேவையில்லை. சீரியல் எந்தப் பக்கம் நிக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க.

இது கேரளா, தமிழ்நாட்டோட நிக்கலை. 2022 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸில் 'டாமர்' வந்தப்போ உலகமே பார்த்தது. பலியான ஒருத்தரோட அக்கா 1992-ல் கோர்ட்டில் கதறினதை அப்படியே, உடை முதற்கொண்டு, நடிச்சுக் காட்டினாங்க. தன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலைன்னு அந்த அம்மா பிறகு சொன்னார்.

2023 டிசம்பரில் கூடத்தாயி பற்றியும் நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படம் வந்தது, 'கறி அண்ட் சயனைடு'. தலைப்பு எனக்குப் பிடிக்கலை, பழைய சூப் ஜோக் வாடை அடிக்குது. ஆனா அதில் இறந்த கணவரின் தங்கை பேசறார். மூத்த மகனும் கேமரா முன்னாடி உட்கார்ந்து தானே பேசறார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அத்தைக்குப் போனில் போட்டுக் காட்டினேன். தலைப்பு வந்ததும் கையால் தள்ளிவிட்டாங்க. கொஞ்சம் ஓட்டி, அந்தப் பையன் பேசற இடத்தில் நிறுத்தினேன்.

"இது யாரு?"

"மூத்தவன், அத்தை. நடிக்கிறவர் இல்லை, அவரேதான்."

கொஞ்ச நேரம் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் கண்ணாடியை எடுத்து மாட்டினாங்க. "அவனே பேசுறானா? அப்பச் சரி, சத்தத்தைக் கூட்டு."