கர்ப்ப காலத்தில் சர்க்கரையும் தைராய்டும்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

கர்ப்ப காலச் சர்க்கரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால்தான் தமிழக அரசு 2007-ல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. சென்னை மருத்துவர் வி. சேஷையா வலியுறுத்திய எளிய முறை இது: 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்து, 2 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். வெறும் வயிறு தேவையில்லை. அளவு 140-ஐத் தொட்டால் சிகிச்சை அவசியம். முதல் முறை சரியாக இருந்தாலும் 24-28 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இலத்தூர் சகோதரிகள் தென்காசி அரசு மருத்துவமனையில் கேட்கலாம்.

தைராய்டு: முதல் மூன்று மாதம் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு சுரப்பையே நம்பியிருக்கிறது. "பிள்ளைக்கு ஆகாது" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. காலையில் வெறும் வயிற்றில் போடவும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை 4 மணி நேரம் கழித்தே எடுக்கவும்.

நோன்பு: கர்ப்பிணிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. இன்சுலின் போடுபவர் டாக்டரைக் கேட்காமல் நோன்பு வைக்க வேண்டாம். "நாங்களெல்லாம் வைக்கவில்லையா?" என்று மாமியார்மார்கள் கேட்க வேண்டாம். விட்ட நோன்பைப் பின்னர் களாச் செய்யலாம். பிள்ளைக்கு நேரும் பாதிப்பை அப்படி ஈடுசெய்ய முடியாது.

பிரசவமான 6 வாரத்தில் சர்க்கரையை மீண்டும் பார்த்துவிடுங்கள். அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம்.